மொராக்கோவில் உணவுக்குக் கிழமையும் உண்டு, பொழுதும் உண்டு

ஃபெஸ் நகரின் மதில் சூழ்ந்த பழைய பகுதியான மெதினாவில் நானும் என் கணவரும் போய் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றிரவே, வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று நடத்தப்படும் ஓர் உணவகத்தில் கூஸ்கூஸ் கேட்டு வாங்கி உண்டோம். வெந்து நெடுநேரமாகி, ஆறி, மறுபடியும் சூடாக்கப்பட்ட ரவை; அதன்மேல் குழைந்துபோன நான்கைந்து காய்த்துண்டுகள். மொராக்கோவின் தலைசிறந்த உணவென்று எல்லோரும் புகழ்வது இதைத்தானா என்ற ஏமாற்றத்தோடு, தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டுக்கார அம்மாவை, அந்நாட்டில் பெண்களை மரியாதையாக விளிக்கும் வழக்கப்படி, ‘லல்லா’ என்றே அழைத்தோம். அவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் உணவகத்தைக் குறை சொல்லவில்லை. “செவ்வாய்க்கிழமை யாராவது கூஸ்கூஸ் கேட்பார்களா, மகளே? வெள்ளிக்கிழமை வரட்டும்” என்றார். அவருடைய மூத்த மகள் அதை எங்களுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் எங்கள் மூன்று வாரப் பயணத்தின் போக்கையே மாற்றிவிட்டது. மொராக்கோவுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் எங்கே சாப்பிடுவது என்றுதான் விசாரிக்கிறார்கள். எந்தக் கிழமையில், எந்தப் பொழுதில் சாப்பிடுவது என்று விசாரித்தால்தான் அந்நாட்டுச் சமையல் நமக்குப் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே ஒவ்வோர் உணவுக்கும் ஒரு நாளும் வேளையும் உண்டு. அதற்கேற்ற அடுப்பும் உண்டு. வாரச் சந்தை கூடும் கிழமையின் பெயரையே தாங்கிய ஊர்கள் அந்நாடெங்கும் இருக்கின்றன. மராக்கேஷுக்குத் தெற்கே மலையடிவாரத்திலுள்ள த்னீன் ஊரிகா என்ற பெயரில் ‘த்னீன்’ என்பது திங்களைக் குறிக்கும். வடமேற்குச் சமவெளியின் சூக் எல் அர்பா என்பதற்குப் புதன்கிழமைச் சந்தை என்று பொருள். ஊருக்கே கிழமை இருக்கும் நாட்டில் உணவுக்குக் கிழமை இருப்பதில் வியப்பில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் லல்லா என்னைச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டார். அடுப்பின்மேல் இரண்டடுக்குப் பாத்திரம் ஒன்று ஏறியிருந்தது. கீழ்ப் பாத்திரத்தில் ஆட்டிறைச்சியும் வெங்காயமும், முந்தின இரவே ஊறவைத்த கொண்டைக்கடலையும் சுக்குப்பொடி, மிளகு, மஞ்சள், சிறிது குங்குமப்பூ ஆகியவற்றோடு கொதித்துக்கொண்டிருந்தன. மேலே அமரும், அடியில் துளைகள் இட்ட பாத்திரத்துக்குக் ‘கெஸ்காஸ்’ என்று பெயர். இரண்டும் சேரும் இடத்தில் ஆவி வெளியேறாமல் இருக்க, கோதுமை மாவைக் கரைத்து அதில் தோய்த்தெடுத்த ஒரு துணிப்பட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார். ஆவி முழுவதும் ரவையின் ஊடாகத்தான் மேலேற வேண்டும்; பக்கவாட்டில் ஓர் இழை கசிந்தாலும் கூஸ்கூஸ் கட்டிதட்டிவிடும் என்றார்.

கடினக் கோதுமை ரவையைத் தண்ணீரும் மாவும் தெளித்து உள்ளங்கையால் உருட்டி உருட்டித்தான் கூஸ்கூஸ் மணிகள் உருவாகின்றன. இப்போது பெரும்பாலான வீடுகளில் உருட்டிக் காயவைத்ததைக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள், லல்லாவும் அப்படித்தான். ஆனால் அதை வேகவைப்பதில் அவர் எந்தக் குறுக்குவழியையும் ஏற்கவில்லை. ‘க்ஸா’ எனப்படும் அகன்ற மண்தாலத்தில் மணிகளைக் கொட்டி, எண்ணெய் விட்டு, தண்ணீர் தெளித்து, புட்டுக்கு மாவு பிசிறுவதைப் போலவே விரல்நுனிகளால் பிசிறினார். பிறகு கெஸ்காஸில் இட்டு, மணிகளின் ஊடே ஆவி மேலெழும்பும் வரை வைத்திருந்தார். வெந்ததை மீண்டும் தாலத்தில் கொட்டி, கை பொறுக்காத சூட்டிலேயே உதிர்த்துவிட்டு, உப்புநீர் தெளித்து, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே தேய்த்துத் தேய்த்து விழவிட்டார். மறுபடியும் ஆவி, மறுபடியும் தாலம். இப்படி மூன்று முறை. மூன்றாம் முறை கொட்டியபோது, முதலில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியிருந்தது. ஒரு மணியோடு ஒரு மணி ஒட்டவில்லை. அதில் ஒரு கட்டி ‘ஸ்மென்’, அதாவது உப்பிட்டு மாதக்கணக்கில் முதிரவைத்த வெண்ணெயை, விட்டுக் கலந்தபோது எழுந்த மணம் பாலாடைக்கட்டிக்கும் நெய்க்கும் இடைப்பட்டது. என் முறைக்கு நானும் பிசிறினேன். நான் அழுத்திப் பிசைவதைக் கண்டதும் லல்லா என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, விரல்கள் மட்டும் படும்படி வைத்தார். கைப்பக்குவம் என்பதை ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுக்கொடுக்க அதைவிட நேரான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மசூதியில் நண்பகல் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பியதும் தாலம் நடுவே வந்தது. மணிகள் குன்றுபோல் குவிக்கப்பட்டு, உச்சியில் இறைச்சி வைக்கப்பட்டு, சரிவுகளில் கேரட், டர்னிப், பரங்கிக்காய், முட்டைக்கோஸ், சுக்கினி, கத்தரிக்காய், தக்காளி ஆகிய ஏழு காய்களும் கீற்றுக் கீற்றாய்ச் சாய்த்து அடுக்கப்பட்டிருந்தன. காசாபிளாங்கா வழக்கத்திலிருந்து பரவிய இந்த ஏழு காய்க் கூஸ்கூஸ் இன்று நாடெங்கும் வெள்ளிக்கிழமை உணவாகிவிட்டது. வெங்காயத்தையும் உலர்திராட்சையையும் பட்டையோடும் தேனோடும் பொன்னிறமாக வதக்கி மேலே பரப்பும் ‘த்ஃபாயா’ வகையும் உண்டு. சிற்றூர்களில் பார்லிக் குருணையில் செய்வதும் உண்டு. எதுவாக இருந்தாலும் பக்கத்தில் ‘ல்பென்’ எனப்படும் மோர் ஒரு குவளை இருக்கும். விருந்தினருக்குக் கரண்டி கொடுப்பார்கள். வீட்டிலிருந்த பாட்டி மட்டும் கையால் உண்டார். நாம் உண்பதுபோல் விரல்நுனியில் எடுப்பதில்லை. உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்து, மெல்லத் தூக்கிப்போட்டு உருட்டி, உருண்டையானதும் வாயில் இடுகிறார்கள். 2020இல் அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மொரிட்டானியா ஆகிய நான்கு நாடுகளும் இணைந்து முன்வைத்த கோரிக்கையின்படி யுனெஸ்கோ கூஸ்கூஸை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்றது உணவுப் பண்டம் மட்டும் அன்று; அதைச் செய்யும் அறிவும், கூடி உண்ணும் வழக்கமும் சேர்ந்தே இடம்பெற்றன. அந்தத் தாலத்தைச் சுற்றி அமர்ந்திருந்தபோது அது மிகவும் பொருத்தமான முடிவென்று பட்டது.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண்பாத்திரத்தில் வேகும் தஜீன் என்ற குழம்பைக் கூஸ்கூஸின் மேல் ஊற்றி உண்பது வெளிநாட்டு உணவகங்கள் உண்டாக்கிய பழக்கம். மொராக்கோவில் தஜீனுக்குத் துணை ரொட்டிதான்.

‘கொப்ஸ்’ எனப்படும் அந்த வட்ட ரொட்டி இல்லாமல் அங்கே சாப்பாடு தொடங்காது. விளிம்பிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி, வலக்கையின் பெருவிரலுக்கும் அடுத்த இரு விரல்களுக்கும் நடுவே பிடித்து, அதைக்கொண்டே குழம்பையும் காயையும் அள்ள வேண்டும். தெருவில் ஒரு ரொட்டித்துண்டு கிடந்தால், கடந்து செல்பவர் குனிந்து எடுத்து, காலடி படாத ஒரு மாடத்தில் வைத்துவிட்டுப் போவதைப் பலமுறை கண்டேன். பழைய நகரங்களில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ‘ஃபெர்ரான்’ என்ற பொது அடுப்பு இருக்கிறது. காலையில் வீட்டில் பிசைந்து தட்டிய மாவைப் பலகையில் அடுக்கி, துணி போர்த்து, பிள்ளைகள் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நாங்கள் தங்கியிருந்த சந்தின் அடுப்புக்காரர் நீண்ட மரத்துடுப்பால் ரொட்டிகளை உள்ளே தள்ளுவதையும் வெளியே இழுப்பதையும் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். இருபது முப்பது வீடுகளின் ரொட்டிகள் ஒரே தளத்தில் வெந்துகொண்டிருக்க, எது எவர் வீட்டுடையது என்பதைத் தடிமனையும் விளிம்பின் வளைவையும் பார்த்தே அவர் பிரித்து வைத்தார். ஃபெஸ்ஸில் அரண்மனைகளையும் மதரஸாக்களையும் பார்ப்பவர்கள், காலை பத்து மணிக்கு ஒரு ஃபெர்ரான் வாசலிலும் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தஜீன் என்பது பாத்திரத்தின் பெயர். அதில் வெந்த உணவுக்கும் அதுவே பெயராயிற்று. கனத்த மண் தட்டும், கூம்பு வடிவ மூடியும் கொண்டது. ‘மஜ்மர்’ எனப்படும் மண் கணப்பில் கரித்துண்டுகள் கனன்றுகொண்டிருக்க, அதன்மேல் இதை ஏற்றிவிட்டால், உள்ளிருந்து எழும் ஆவி மூடியின் சரிவில் குளிர்ந்து நீராகி மீண்டும் கீழே இறங்குகிறது. அதனால் மிகக் குறைந்த தண்ணீரிலேயே இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் இறைச்சி வேகிறது. கிளறுவது கிடையாது. அடியில் வெங்காயம், அதன்மேல் இறைச்சி, அதைச் சுற்றிக் காய்கள் என்று கோபுரமாய் அடுக்கி மூடினால், அப்படியே பந்திக்கு வருகிறது.

தஜீன்களில் எத்தனை வகை என்று கணக்கிட முயல்வதைவிட, அங்குள்ள சமையல்காரப் பெண்கள் குழம்பை எப்படி இனம் பிரிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது பயன் தரும். எண்ணெயில் குங்குமப்பூவும் சுக்கும் சேர்ந்து மஞ்சள் நிறத்தில் திரண்டால் அது ‘ம்கல்லி’. உப்பிலிட்ட எலுமிச்சையும் ஆலிவ் காய்களும் சேர்த்துச் செய்யும் கோழித் தஜீன் இந்த இனம். வெண்ணெயும் சீரகமும் சிவப்பு மிளகாய்ப்பொடியும் சேர்ந்து சிவந்தால் ‘ம்ஹம்மர்’. இந்த மிளகாய்ப்பொடி காரமற்றது, நிறத்துக்கும் மணத்துக்கும் மட்டுமே பயன்படுவது. ஸ்மென்னில் நிறைய வெங்காயம் கரைந்து, பாதாமோ கொண்டைக்கடலையோ சேர்ந்தால் ‘கத்ரா’. இந்தப் பெயர்களில் ஒன்றைச் சொல்லிக் கேட்டால், கடைக்காரரின் முகம் மலர்வதைக் காணலாம். ஆட்டிறைச்சியோடு உலர்ந்த பிளம் பழங்களும் வறுத்த பாதாமும் எள்ளும் சேர்ந்த தஜீன் திருமண வீடுகளில் தவறாது இடம்பெறுவது. இனிப்பும் உப்பும் ஒரே தட்டில் வருவது முதல்நாள் நெருடலாக இருக்கும். மூன்றாம் நாள் அதைத் தேடத் தொடங்குவீர்கள்.

நெடுஞ்சாலையோரக் கடைகளில் சிறுசிறு தஜீன்களைக் கரிக்கணப்பின்மேல் வரிசையாய் ஏற்றி வைத்திருப்பார்கள். காலையிலேயே ஏறிய அவை நண்பகலில் பதமாக இருக்கும். மாலை நான்கு மணிக்குப் போனால் மிச்சந்தான் கிடைக்கும். நாங்கள் உண்ட மிகச் சிறந்த தஜீன், அட்லஸ் மலையில் திஸி ந் திஷ்கா கணவாய்க்குச் செல்லும் சாலையில், மேசைவிரிப்புகூட இல்லாத ஒரு கடையில் கிடைத்தது.

மராக்கேஷுக்கென்றே உரியது ‘தன்ஜியா’. பெயரின் ஒலியை வைத்துத் தஜீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது இரு காதுகள் வைத்த, கழுத்துச் சிறுத்த ஓர் உயரமான மண்குடம். வீட்டுச் சமையல் முழுவதும் பெண்கள் கையில் இருக்கும் நாட்டில், இந்த ஒன்று மட்டும் ஆண்களின் சமையல். பட்டறைகளில் வேலை செய்யும் தோல்வினைஞர்களும் தச்சர்களும் விடுமுறை நாளுக்கு முன்தினம் கூட்டாகக் காசு போட்டுச் செய்துகொண்ட உணவு என்று சொல்கிறார்கள். என் கணவருக்கு ஒரு விளக்குப் பட்டறையில் பழக்கமான பெரியவர் ஒருவர், அடுத்த நாள் மதியத்துக்கு எங்களையும் சேர்த்துக்கொண்டார். குடத்தை இறைச்சிக் கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரரே இறைச்சியை எலும்போடு வெட்டிப் போட்டு, உரிக்காத பூண்டுப் பற்கள், சீரகப்பொடி, குங்குமப்பூ, ஓர் உப்பிலிட்ட எலுமிச்சை, ஒரு கரண்டி ஸ்மென், சிறிது தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து, வாயைத் தடித்த காகிதத்தால் மூடி நூலால் கட்டிக் கொடுத்தார். வதக்குவதும் தாளிப்பதும் கிடையாது.

அங்கிருந்து பொதுக் குளியலறையான ஹம்மாமின் பின்புறத்துக்குப் போனோம். குளியலுக்கு வெந்நீர் காய்ச்சும் உலைக்கு ‘ஃபர்னாத்சி’ என்று பெயர். அதைக் காப்பவரையும் அப்படியே அழைக்கிறார்கள். நான்கு படி இறங்கினால் இருட்டு. ஒரு மூலையில் மரத்தூளும் மரத்துண்டுகளும் குவிந்து கிடந்தன. உலைவாயின் செம்மை மட்டும் சுவரில் ஆடியது. உலைக்குப் பக்கத்தில் சாம்பல் மேடு. அவர் ஒரு நீண்ட கம்பியால் சாம்பலை விலக்கி, எங்கள் குடத்தைப் பாதிவரை புதைத்து, சுற்றிலும் தணலை ஒதுக்கிவிட்டார். ஏற்கெனவே ஏழெட்டுக் குடங்களின் கழுத்துகள் சாம்பலுக்கு வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றையும் அவ்வப்போது கால் சுற்றுத் திருப்பிவிட வேண்டுமாம். அடுத்த நாள் நண்பகலில் எடுத்து, காகிதத்தைக் கிழித்து, பட்டறையின் நடுவே ஒரு பெரிய தட்டில் கவிழ்த்தபோது இறைச்சி எலும்பிலிருந்து தானாக நழுவியது. பூண்டு தோலுக்குள்ளேயே களியாகியிருந்தது. எலுமிச்சையின் தோல் மட்டும் கண்ணாடிபோல் துலங்கி நின்றது. எண்ணெயில்லாத, தண்ணீர் அதிகமில்லாத, தன் கொழுப்பிலேயே வெந்த அந்தக் குழம்பைத் துடைத்தெடுக்க ரொட்டி போதவில்லை.

சாம்பலையும் ஊரடுப்பையும் நம்பிய சமையல் மொராக்கோவின் யூதர்களிடமும் இருந்தது. ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்பதால், வெள்ளி மாலை பொழுது சாயுமுன் கொண்டைக்கடலை, கோதுமை, உருளைக்கிழங்கு, இறைச்சி, ஓடு நீக்காத முட்டை ஆகியவற்றை ஒரே பானையில் அடுக்கி ஃபெர்ரானில் வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் வெந்து, முட்டையின் வெண்மை பழுப்பாகி, சனிக்கிழமை மதியம் வெளிவரும். இதற்கு ‘ஸ்கீனா’ என்று பெயர். ஃபெஸ்ஸின் யூதர் குடியிருப்பான மெல்லா 1438இல் உருவானது; அந்நாட்டின் முதல் மெல்லாவும் அதுவே. இன்று அங்கே யூதக் குடும்பங்கள் மிகச் சிலவே. ஒரே வட்டாரத்தில் ஒரு சமூகத்துக்கு வெள்ளிக்கிழமைக் கூஸ்கூஸும் இன்னொரு சமூகத்துக்குச் சனிக்கிழமை ஸ்கீனாவும் வெந்த காலத்தை, மெல்லாவின் உப்பரிகைகள் வைத்த தெருவில் நடக்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மசாலைக் கடைகளைப் பற்றி எழுதாத பயணி இல்லையாதலால் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றாடச் சமையலுக்கு வேண்டியவை சீரகம், சுக்குப்பொடி, மஞ்சள், மிளகு, பட்டை, சிவப்பு மிளகாய்ப்பொடி என ஐந்தாறுதான். ‘ராஸ் எல் ஹானூத்’ என்ற கலவைக்குக் ‘கடையின் தலை’ என்று பொருள். கடைக்காரர் தம்மிடமுள்ள சிறந்த சரக்குகளைச் சேர்த்து இடிப்பது என்பதால் கடைக்குக் கடை மாறும். எல்லாக் குழம்பிலும் அதைப் போடுவதாக நினைப்பது தவறு. குறிப்பிட்ட சில உணவுகளுக்குத்தான் போடுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு மூன்றாம் நாள் சமைத்துக் கொடுக்கும் ‘ர்ஃபீஸா’ அவற்றுள் முதன்மையானது. கிழித்துப் போட்ட மடிப்பு ரொட்டியின்மேல் கோழியும் பயறும் வெந்தயமும் வெந்த குழம்பை ஊற்றுவார்கள். வெந்தயம் பால் சுரக்க உதவும் என்ற நம்பிக்கை அங்கும் இருக்கிறது என்று அறிந்து மகிழ்ந்தேன்.

குங்குமப்பூவைப் பொறுத்தவரை, ஆன்டி அட்லஸ் மலைப்பகுதியில் உள்ள தலியூயீன் ஊரைச் சேர்ந்ததைக் கேட்டு வாங்குங்கள். அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும், சூரியன் ஏறிப் பூக்கள் விரியுமுன் கையால் பறித்து, அன்றே இழைகளைப் பிரித்து உலர்த்துகிறார்கள். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 150 பூக்கள் தேவைப்படுகின்றன. சில திர்ஹாம்களுக்குப் பொட்டலமாய் விற்கப்படும் மஞ்சள்நிறப் பொடி சாயமே. அதை வாங்க வேண்டாம். இழையாக இருப்பதையே வாங்க வேண்டும்.

ஃபெஸ்ஸின் பெருமை ‘பஸ்தீலா’. புறாவை வெங்காயம், குங்குமப்பூ, பட்டையோடு வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே முட்டையைக் கட்டியாகக் கிளறி, வறுத்து இடித்த பாதாமையும் சர்க்கரையையும் சேர்த்து, தாள்போன்ற மாவேடுகளுக்குள் பொதிந்து சுடுகிறார்கள். மேலே பொடித்த சர்க்கரையைத் தூவிப் பட்டைப்பொடியால் கட்டம் கட்டமாய்க் கோலமிடுகிறார்கள். இப்போது புறாவுக்குப் பதில் கோழியே மிகுதி. அந்த மாவேட்டுக்கு ‘வர்க்கா’ என்று பெயர். இலை அல்லது தாள் என்று பொருள். சந்தையில் ஒரு பெண்மணி ஈரமான மாவுருண்டையைக் கையில் தொங்கவிட்டபடி, கவிழ்த்துச் சூடேற்றிய தட்டின்மேல் தொட்டுத் தொட்டு எடுத்தார். தொட்ட இடத்திலெல்லாம் ஒரு மெல்லிய வட்டம் ஒட்டிக்கொண்டது. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து ஒரே ஏடானதும் நுனியைப் பிடித்து உரித்தார். அதன் ஊடாக அவருடைய விரல்கள் தெரிந்தன. திருமணங்களில் முதல் வரிசையாக வருவது இதுதான். தனியே செல்பவர்கள், நல்ல கடையாகப் பார்த்து முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.

காலையில் வெளியே உண்ண விரும்புபவர்கள் ‘பிஸாரா’வைத் தவறவிடக் கூடாது. மொச்சைக்கு உறவான ஃபாவா பயற்றைக் காயவைத்து, தோல் நீக்கி, பூண்டோடு குழைய வேகவைத்து மசித்த கஞ்சி. மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப்பொடியும். ஃபெஸ்ஸிலும், வடக்கே ரிஃப் மலையிலுள்ள ஷெஃப்ஷாவெனிலும் குளிர்காலக் காலைகளில் தொழிலாளர்கள் நின்றபடியே உண்கிறார்கள். பத்து திர்ஹாமுக்குள் வயிறு நிறைந்துவிடும். பத்து மணிக்கெல்லாம் பானை காலியாகிவிடும். எண்ணெயில் பொரித்த ‘ஸ்ஃபெஞ்ச்’ வளையங்களும், அடுக்கடுக்காய் மடித்துத் தட்டிய ‘ம்ஸெமென்’னும், ஒரு பக்கம் மட்டும் வெந்து மேற்பரப்பெல்லாம் நுண்துளைகளாய் மலரும் ‘பக்ரீர்’ அடையும் காலைக்கும் மாலைத் தேநீருக்கும் உரியவை. பக்ரீரைத் தேனும் உருக்கிய வெண்ணெயும் கலந்து உண்ண வேண்டும். துளைகள் இருப்பது அதற்காகத்தான்.

அந்திக்கு உரியது ‘ஹரீரா’. தக்காளி, பயறு, கொண்டைக்கடலை, செலரி, கொத்தமல்லித்தழை ஆகியவற்றைக் கொதிக்கவிட்டு, மாவுக் கரைசலால் கெட்டிப்படுத்திய சாறு. ஆண்டு முழுவதும் கிடைக்குமென்றாலும், ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையில் பேரீச்சம்பழமும் தேனில் முக்கிய எள் மணக்கும் ‘ஷெபாகியா’ என்ற இனிப்பும் வேகவைத்த முட்டையும் சுற்றிலும் இருக்க உண்பதே அதன் முறை. ரமலானில் பயணம் செய்பவர்கள், பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும் என்பதையும், பொழுது சாயும் அரைமணி நேரம் தெருக்களே வெறிச்சோடிவிடும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அந்த நேரத்தில் வழியில் நிற்கும் அந்நியரை உள்ளே அழைத்து ஒரு கிண்ணம் கொடுப்பது அங்கே இயல்பான காரியம்.

கடற்கரை நகரங்களான எஸ்ஸாவிராவிலும் சஃபியிலும் மத்தி மீன்தான் அரசு செய்கிறது. கொத்தமல்லி, பார்ஸ்லி, பூண்டு, சீரகம், எலுமிச்சைச் சாறு சேர்ந்த ‘ஷெர்மூலா’வைத் தடவிக் கரியில் வாட்டுகிறார்கள். படகு வந்த அன்று நண்பகலுக்குள் உண்டுவிட வேண்டும்.

மரக்கறி உண்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. என் கணவர் இறைச்சி உண்பவர். நான் பயணத்தின் பாதி நாள்கள் இறைச்சி உண்ணவில்லை. காய்த் தஜீன் எங்கும் உண்டு. ஆயினும் கூஸ்கூஸின் காய்கள் இறைச்சிச் சாற்றிலேயே வெந்தவை, ஹரீராவிலும் பெரும்பாலும் இறைச்சித் துண்டுகள் இருக்கும். “ப்லா ல்ஹம்” என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அதைச் சொன்ன பிறகு, சாறு எதில் வெந்தது என்பதையும் தயங்காமல் கேளுங்கள்; ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சுட்ட கத்தரிக்காயைத் தக்காளியோடு மசித்த ‘ஸாலூக்’, வெள்ளைப் பயற்றுக் குழம்பான ‘லூபியா’, பிஸாரா ஆகியவை என்னை நன்றாகவே காப்பாற்றின.

பொதுத்தட்டில் உண்ணும்போது நமக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டும். நடுவிலுள்ள இறைச்சியை நாமாக எடுக்கக் கூடாது. காயும் குழம்பும் குறைந்தபின் வீட்டுப் பெரியவரே பிய்த்து ஒவ்வொருவர் முன்னும் வைப்பார். விருந்தினருக்கு நல்ல துண்டு வரும். போதும் என்பதை ஒருமுறை சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டும்.

தேநீருக்கு மட்டுந்தான் கிழமையும் பொழுதும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் அரசவைப் பரிசாக அறிமுகமான தேயிலை, 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரின்போது வடக்குச் சந்தைகள் அடைபட்ட ஆங்கில வணிகர்கள் டாஞ்சியர், மொகடோர் துறைமுகங்களில் சரக்கை இறக்கியதால் எளியவர் வீடுவரை பரவியது. மொகடோரின் இன்றைய பெயர்தான் எஸ்ஸாவிரா. இன்றும் சீனத்துப் பச்சைத் தேயிலைதான். கொதிநீர் ஊற்றிய முதல் சாற்றை ஒரு குவளையில் எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் முறை கழுவிக் கசப்பை நீக்கி, எடுத்து வைத்ததை மீண்டும் சேர்த்து, புதினாக் கட்டையும் கூம்புச் சர்க்கரையிலிருந்து உடைத்த கட்டிகளையும் போட்டு, நுரை தலைப்பாகைபோல் நிற்கும்படி உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள். குளிர்காலத்தில் புதினாவுக்குப் பதில் மாசிபத்திரிக்கு இனமான ‘ஷீபா’ தழையைச் சேர்ப்பார்கள். கசப்பும் மணமும் கலந்த அந்தத் தேநீர் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஃபெஸ்ஸில் எங்கள் கடைசி நாள் மாலை, அப்படி ஒரு குவளையைக் கையில் கொடுத்துவிட்டு, லல்லா ஒரு கூடை எலுமிச்சையைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். சிறியவை, மெல்லிய தோலுடையவை. அடி பிரியாமல் நான்காய்க் கீறி, கீறலுக்குள் கல்லுப்பை அடைத்து, சாடியில் இட்டுச் சாறு மேலெழும் வரை கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார். இம்முறை என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. அழுத்தம் இதற்குத் தேவைதான். சாடி நிரம்பியதும் வாயை இறுக மூடி, துணியில் சுற்றி, எங்கள் பெட்டியில் உடைகளுக்கு நடுவே தாமே வைத்தார். அன்றிலிருந்து ஒரு மாதம் கழியும் வரை திறக்கக் கூடாது என்று மகள் மூலம் சொல்லிவிட்டு, நான் புரிந்துகொண்டேனா என்று அறிய, விரல்விட்டு நான்கு வெள்ளிக்கிழமைகளை எண்ணிக் காட்டினார்.